பூண்டு போடாத ரசம்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு. முதல் மூன்று மாதம் ஓட்டலில் சாப்பிட்டேன். நான்காவது மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். குடலில் புண் என்றார். காரம், புளி, எண்ணெய் மூன்றும் கூடாது, ஓட்டல் இருக்கிற தெருப் பக்கமே போகக் கூடாது என்றார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அம்மா விருதுநகர்ப் பக்கத்தில் அண்ணனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து அசைய முடியாது. ஒரு திரி ஸ்டவ்வும் நாலு பாத்திரமும் வாங்கிவந்து நானே சமைக்க ஆரம்பித்தேன். சமைப்பது கஷ்டமாக இல்லை. அதைப் பற்றி தினமும் பதில் சொல்வது பெரிய கஷ்டமாக இருந்தது.

நான் குடியிருந்தது ஒரு வளவு. நடுவில் முற்றம், சுற்றிலும் மூன்று வீடுகள், வாசலை ஒட்டி என்னுடைய ஒற்றை அறை. முற்றத்தில் முனிசிபல் குழாய் ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அரிசி களையப் பாத்திரத்தோடு வெளியே வருகிற நேரமும் அதுதான். குழாயடியில் குடத்தை வைத்த கையோடு யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"ராத்திரிக்கு என்ன?"

வரிசையில் நிற்கிற எல்லோரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். டெய்லர் வீட்டம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்பாள். கண்டக்டர் வீட்டு மதினி கத்தரிக்காய்த் தீயல் என்பாள். எள்ளை வறுத்தாயா, பச்சையாக அரைத்தாயா என்று அதிலிருந்து கேள்விகள் கிளைக்கும். ஒருத்தி சொன்னதைக் கேட்டு இன்னொருத்தி தன் சமையலை மாற்றிக்கொள்வதும் உண்டு. கடைசியில் என் முறை வரும்.

"சார்வாள், ஒங்களுக்கு என்ன?"

"பருப்புத் தண்ணியும் சோறும்."

"நேத்தைக்கும் அதான?"

"ஆமா."

"முந்தாநாளு?"

"அதேதான்."

"அய்யோ பாவம்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் என் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அரிசி பழசு, தண்ணீர் பத்தாது, பருப்பில் ஒரு பச்சை மிளகாயாவது கீறிப் போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். குடல்புண் என்று நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டு மறுநாளும் மிளகாயைப் பற்றியே பேசுவார்கள்.

ஒருநாள் அலுத்துப்போய், "தோசை" என்று பொய் சொன்னேன்.

"ஆட்டுரல் சத்தமே கேக்கலிய?" என்றாள் நடுவீட்டு அக்கா. வளவுக்கே ஒரு ஆட்டுரல்தான். அது அவள் வாசலில் கிடந்தது.

இந்த நடுவீட்டு அக்காதான் குழாயடிக்குத் தலைவி. நாற்பது வயதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷம், கனத்த குரல். அவள் புருஷனை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பவர்லூம் தறிக்கூடத்தில் மேஸ்திரி. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் கத்திப் பேசிவிட்டு வருகிற மனுஷர், வீட்டில் வாயையே திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். அவளுக்கு உலகத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, பூண்டு. ஊர் வழக்கப்படி பூடு என்பாள். ரசத்தில் பூடு, துவையலில் பூடு, கீரையில் பூடு. என் குடல்புண்ணுக்கும் அதையே சொன்னாள். கேட்கவில்லை என்றதும் என் ஜன்னல் கட்டையில் நாலு பூண்டுத் தலைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆறேழு மாதத்தில் வயிறு தேறியது. கொஞ்சம் புளிக்கும் மிளகுக்கும் டாக்டர் சரி சொன்னார். நான் ரசம் வைக்க ஆரம்பித்தேன். அந்தச் செய்தியைக் குழாயடி ஒரு வாரம் பேசியது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார்வாள், ஒரு உதவி. எம்மக சிவகிரியில இருக்காள்லா, அவளுக்கு ரெண்டாவது பிரசவம். மாமியா இல்லாத வீடு. நான் போயி ஒரு மாசம் இருந்து பாக்கணும். இவுகளுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. மத்தியானம் தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுக்கிடுவாக. ராத்திரிக்கு மட்டும் ஒங்க ஒலையில ரெண்டு கை அரிசி சேத்துப் போட்டுருங்களேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வீட்டம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லக் கூடாதா என்று நினைத்தேன். டெய்லர் வீட்டம்மாவோடு அவளுக்கு அந்த மாதம் பேச்சு இல்லை. கண்டக்டர் பாதி நாள் வெளியூரில் தங்குகிறவர், ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு அண்ணாச்சி சாப்பிடப் போகமாட்டார். மிஞ்சியது நான்தான்.

"நான் வைக்கிறது அவருக்குப் பிடிக்குமாக்கா?"

"எது வச்சாலும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. பூடு மட்டும் நெறையப் போட்டுருங்க. அது இல்லாட்டா அவுகளுக்குச் சோறு எறங்காது."

சொல்லிவிட்டு, ஒரு ஓலைப்பெட்டி நிறையப் பூண்டை என் கையில் கொடுத்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் சிவகிரிக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் எட்டுப் பல் பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன், பீர்க்கங்காய்க் கூட்டு செய்தேன். அண்ணாச்சி ஏழு மணிக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். ரெண்டு கவளம் ரசஞ்சோறு சாப்பிட்டார். மீதியில் மோரை ஊற்றிப் பிசைந்து, தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினார். "போதும் தம்பி" என்று எழுந்து போனார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பூண்டு குறைச்சலாக இருக்கிறதோ என்று பன்னிரண்டு பல் போட்டேன். அன்றைக்கு ஒரு கவளத்தோடு மோருக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவே சிவகிரியிலிருந்து விசாரணை வேறு. கண்டக்டர் ஓடுவது அந்த வழித்தடத்தில்தான். அக்கா சிவகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அவரிடம் கேட்டு அனுப்புவாள். அவர் பெண்டாட்டி அதைக் குழாயடியில் எல்லோர் முன்னாலும் என்னிடம் ஒப்பிப்பாள்.

"அக்கா கேட்டுவிட்டா சார்வாள். ராத்திரிக்கு என்ன வச்சியளாம்? அவுக நல்லாச் சாப்பிட்டாகளாம்?"

முப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாப்பிட்டார் என்று சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளின் கணக்குப் பேப்பர் திருத்திவிட்டு வந்து, இருவருக்குப் பொங்கி, ஒருவர் அதைத் தொடாமல் எழுந்துபோவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ஐந்தாம் நாள் வந்தது. அன்றைக்கு மெனக்கெட்டு ஒரு பூண்டுக் குழம்பே வைத்திருந்தேன். அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். எட்டாம் வகுப்பில் கத்துகிற குரலில் கத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லுங்க! உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு, கோபத்தில் ஒரு பெரிய கவளத்தை வாயில் திணித்துக்கொண்டேன். அதனால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

"பூடு போடாம வச்சாத் தேவல, தம்பி" என்றார்.

நான் மென்று முடிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "சின்னதுலேயிருந்தே எனக்குப் பூடு ஆகாது. வாட வந்தாலே வயித்தப் பெரட்டும்."

"அக்கா இருபத்திரெண்டு வருஷமா அதைத்தானே போடுறாங்க?"

"கல்யாணம் முடிஞ்சி மொதமொத அவ வச்சது பூட்டுக் கொழம்பு. எங்க அம்ம பக்கத்துல நின்னுக்கிட்டு எப்படியிருக்குன்னு கேட்டா. புதுப்பொண்ணு எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கா. நல்லாருக்குன்னுட்டேன். மறுநாளு ரெண்டு மடங்கு போட்டா. அதுக்குப் பொறவு எங்கன போயிச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அவகிட்ட சொல்லிராதீங்க தம்பி."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

மறுநாள் பூண்டு இல்லாமல் மிளகு ரசம் வைத்தேன். அண்ணாச்சி மூன்று தடவை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அதற்கடுத்த நாள் ஆறரைக்கே வந்து, கீரையை இழுத்துவைத்து ஆய ஆரம்பித்தார். பேச்சும் வந்தது. தறியில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னார். பேத்தி பிறந்த செய்தி கண்டக்டர் மூலம் வந்த அன்றைக்குத் தன் கையால் வெல்லம் வாங்கிவந்து பாயசம் வைக்கச் சொன்னார். அந்த ஒரு வாரம் எனக்கும் சமையலில் அலுப்புத் தட்டவில்லை. அக்கா கொடுத்த ஓலைப்பெட்டி மூலையில் கிடந்தது, பூண்டில் பச்சையாக முளை விட்டிருந்தது.

கெடுத்தது நான்தான்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். தலைவலி. பாத்திரத்தோடு குழாயடிக்குப் போனால் கண்டக்டர் வீட்டு மதினி தயாராக நிற்கிறாள்.

"ராத்திரிக்கு என்ன சார்வாள்?"

"ரசம்."

"எத்தன பல்லு பூடு போட்டிய? அக்கா கேக்கச் சொன்னா."

"போடல."

"பூடு போடாமயா? என்னத்துக்கு? அவ அம்புட்டுத் தூரம் சொல்லிட்டுப் போயிருக்கா. அண்ணாச்சிக்கு எப்படி எறங்கும்? அந்த மனுசன் பாவம், வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாக..."

"அண்ணாச்சிக்குப் பூண்டுன்னாலே பிடிக்காது! கல்யாணம் ஆன நாள்லயிருந்து பிடிக்காது! போதுமா?"

டெய்லர் வீட்டம்மாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதை நகர்த்தவில்லை. நான் சொன்னது என்ன என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. "அக்காகிட்ட சொல்லவேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னேன். மதினி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாயடிக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு துணிப்பையோடு வளவுக்குள் வந்தாள். பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"பூடு பிடிக்காதுன்னு எப்பம் சொன்னாக?"

"ஒரு பத்து நாள் இருக்கும்க்கா."

"நீங்க கேட்டியளா, அவுகளாச் சொன்னாகளா?"

"நான்தான் கேட்டேன்."

நேராக என் அறைக்குள் போனாள். ஓலைப்பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்து வெளிச்சத்தில் திறந்து பார்த்தாள். முளைவிட்ட பூண்டை விரலால் புரட்டினாள். அதற்குள் அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"எப்பட்டி வந்த? பிள்ள எப்படியிருக்கு?"

"பிள்ளைக்கு என்ன, நல்லாருக்கு. நீங்க சொல்லுங்க." இப்போது அவள் குரல் உடைந்திருந்தது. "இருவத்திரெண்டு வருசம். ஒரு நா, ஒரே ஒரு நா எம்மூஞ்சியப் பாத்து, எனக்கு இது வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதா? இந்தச் சார்வாளு நேத்து வந்தவரு. இவருகிட்டச் சொல்லத் தெரியுது ஒங்களுக்கு."

அண்ணாச்சி யோசித்தார். யோசித்து, சொல்லியிருக்கக் கூடாத ஒன்றைச் சொன்னார்.

"நீ கேக்கலிய."

"ஊருல உள்ளவள எல்லாம் தெனம் கேக்குதேன், ராத்திரிக்கு என்னன்னு. ஒங்களக் கேக்கலியா?"

"கேக்கல" என்றார்.

அவள் ஓலைப்பெட்டியை மூடினாள். மற்ற வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மத்தியானப் பஸ்ஸுக்கே சிவகிரிக்குத் திரும்பிவிட்டாள். ஓலைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி அண்ணாச்சி சாப்பிட வரவில்லை. நான் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். "சொல்லிராதீங்கன்னு சொன்னேன்லா தம்பி" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபிக்கவும் இல்லை. நான் என் அறைக்கு வந்து, என் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

மாதம் முடிந்து அக்கா திரும்பி வந்தாள். என்னோடு பேச்சு இல்லை. குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் பிடிப்பாள். அவள் கேட்காததால் மற்றவர்களும் கேட்கவில்லை. யாரும் என் பாத்திரத்துக்குள் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக நான் ஆசைப்பட்ட நிம்மதி இது. உண்மையில் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் அண்ணாச்சி வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்பதும் என் காதில் விழாமல் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே வந்தாள். வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"சார்வாள், அன்னைக்கு எப்படிக் கேட்டிய? எந்த வார்த்தையச் சொல்லிக் கேட்டிய?"

"வார்த்தை ஒண்ணும் இல்லக்கா. கோவத்துல கத்தினேன்."

"நான் கத்தாத நாளு உண்டுமா? அப்பல்லாம் அவுக வாயத் தொறக்கலிய."

யோசித்துப் பார்த்தேன். "கத்திட்டு ஒரு கவளம் சோத்தை வாயில போட்டுட்டேன். பேச முடியல. அந்த நேரத்துல அவர் சொன்னார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து குழாயடியில் அவள் குரல் திரும்பவும் கேட்டது. "எங்க வீட்டுல பூடில்லாத ரசம்" என்று, எழவு வீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த நாள் பூடில்லாத கூட்டு, அதற்கடுத்த நாள் பூடில்லாத துவையல். ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி என் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீங்க ரசத்துல என்ன போட்டிய?"

"ஒண்ணும் போடலியே. மிளகு, சீரகம், புளி. ஏன்?"

"அவ வைக்கிறது என்னமோ மாதிரி இருக்கு."

"பூண்டு போடுறாங்களா?"

"இல்ல, போடல. அதான்." பின்கழுத்தைச் சொறிந்தார். "அவ வச்ச ரசம்னா அந்த வாட இருக்கணும். இல்லாட்டா யாரு வச்சதோன்னு இருக்கு."

நிலைப்படியில் தலையை முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. "அண்ணாச்சி, இதைப் போய் அவங்ககிட்டயே சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. என்கிட்ட இனிமே சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க!" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் ஒரு கரண்டி பறந்துவந்து முற்றத்தில் விழுந்தது. அக்காவின் குரல் பத்து நிமிஷம் ஓயாமல் கேட்டது. இடையிடையே, மெதுவாக, அண்ணாச்சியின் குரலும் கேட்டது.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா இப்போது பூண்டைத் தட்டிப் போடுவதில்லை. முழுப் பல்லாகப் போட்டாள். அண்ணாச்சி சோற்றிலிருந்து ஒவ்வொரு பல்லாகப் பொறுக்கி, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே அதை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார்வாள், ஒங்களுக்குப் பூடு பிடிக்குமா, பிடிக்காதா? பொறவு ஊரெல்லாம் சொல்லப்பிடாது. இப்பமே சொல்லிருங்க."

பிடிக்கும் என்றேன். அது உண்மையும்தான். ஒரு பெரிய கரண்டி நிறைய, ரசத்தைவிடப் பூண்டு அதிகமாக, என் தட்டில் ஊற்றினாள். குடல்புண் என்று ஆரம்பித்தேன். "அதுக்குத்தான் போடுதேன்" என்றாள். மறுநாள் முதல் பீரியடில் முன்பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.